பழைய வீட்டின் ஒயர் ஜாயின்ட்: அமெரிக்க மின் விதிகள் கேட்பது என்ன?

அமெரிக்காவில் 1930-களுக்கு முன் கட்டிய வீடுகளில் பரண் பலகையைத் தூக்கிப் பார்த்தால், பல இடங்களில் அந்தக் காலத்து வயரிங் இன்னும் அப்படியே இருக்கும். மர உத்தரங்களின் மேல் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள், அவற்றில் இழுத்துப் பிடித்த ஒயர், உத்தரத்தைத் துளைத்துப் போகும் இடங்களில் பீங்கான் குழாய். ஃபேஸ் ஒயர் ஒரு பக்கம், நியூட்ரல் ஒயர் ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியே காற்றில் ஓடும். நாப் அண்ட் ட்யூப் என்று பெயர். 1880-களில் தொடங்கி 1940-கள் வரை இப்படித்தான் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது. அந்த ஒயரைக் கண்ணால் தொடர்ந்து போனால் அங்கங்கே கறுத்த துணி நாடா சுற்றிய புடைப்புகள் தெரியும். ஓர் ஒயரிலிருந்து இன்னோர் ஒயர் கிளை பிரியும் இடம் அது. பெட்டியும் கிடையாது, மூடியும் கிடையாது.

இப்படி ஒரு வீட்டை வாங்கியவருக்கு அந்தப் புடைப்பைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். ஆனால் பயப்பட வேண்டிய ஜாயின்ட் பெரும்பாலும் அது இல்லை என்பது என் கருத்து. அதிலிருந்து ஓரடி தள்ளி, 1960-லோ 1980-லோ யாரோ ஒருவர் புது கேபிளைக் கொண்டுவந்து பழைய ஒயரோடு முறுக்கி, மேலே பிளாஸ்டிக் டேப் ஒட்டிவிட்டுப் போயிருப்பாரே, அதுதான் பயப்பட வேண்டியது. ஏன் என்பதற்கு அமெரிக்க மின் விதித்தொகுப்பான நேஷனல் எலக்ட்ரிக்கல் கோடு, சுருக்கமாக என்.இ.சி., ஜாயின்ட்டைப் பற்றிச் சொல்லும் விதிகளிலேயே விடை இருக்கிறது.

முதலில் ஜாயின்ட் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்த்துவிடலாம். ஒழுங்காக இழுத்த ஒயரின் நடுப்பகுதி லேசில் கெடாது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடம்தான் கெடும். தொடுமிடம் தளர்ந்தோ, மேலே ஆக்சைடு படிந்தோ போனால் அந்தப் புள்ளியில் மின்தடை ஏறும். அது 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 15 ஆம்பியர் கரண்ட் அதன் வழியே போகும்போது 22.5 வாட் வெப்பம் அந்த ஒரே இடத்தில் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் ஆன் செய்து வைத்தது போலத்தான். இதனால் குறையும் வோல்டேஜ் வெறும் 1.5 வோல்ட், 120 வோல்ட்டில் அது போனது யாருக்கும் தெரியாது. விளக்கு எரியும், மிக்ஸி ஓடும். பிரேக்கருக்குத் தெரிந்ததெல்லாம் கரண்டின் அளவுதான். கரண்ட் வரம்புக்குள் இருக்கும்வரை அது விழாது. அமெரிக்க அரசின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் 1977-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையே பதிவு செய்தது: தளர்ந்த இணைப்பு சிவந்து ஒளிரும் அளவுக்குச் சூடேறினாலும், சாதனங்கள் வழக்கம்போல் இயங்கும், ஃபியூஸும் பிரேக்கரும் சும்மா இருக்கும். கெட்ட ஜாயின்ட்டைக் காட்டிக்கொடுக்க வேறு எதுவும் இல்லாததால்தான், அதைப் போடும் விதத்திலேயே விதி இவ்வளவு கண்டிப்பு காட்டுகிறது.

என்.இ.சி. முதலில் வந்தது 1897-இல். 1911 முதல் அதைப் பராமரித்து வருவது தேசியத் தீத்தடுப்புச் சங்கம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திருத்திய பதிப்பு வரும். அது தானாகச் சட்டமாகிவிடாது. ஒவ்வொரு மாநிலமும், சில இடங்களில் நகரமும், ஏதாவது ஒரு பதிப்பை ஏற்றுச் சட்டமாக்கும். அதனால் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் வெவ்வேறு ஆண்டின் பதிப்பு நடப்பில் இருப்பது சாதாரணம். ஜாயின்ட்டைப் பற்றிய அடிப்படை விதிகள் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு பெரிதாக மாறியதில்லை.

மையமான விதி 110.14 (பி) என்ற பிரிவு. அது இரண்டு வழிகளைத் தருகிறது. அந்த வேலைக்கென்று சோதித்து அங்கீகரித்த கனெக்டரைப் போடலாம். அல்லது பிரேசிங், வெல்டிங், சால்டரிங் ஆகியவற்றில் ஒன்றால் இணைக்கலாம். சால்டர் செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஈயம் வைப்பதற்கு முன்பே அந்த இணைப்பு இழுத்தால் பிரியாததாகவும், கரண்டை ஒழுங்காகக் கடத்துவதாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஈயம். இந்த நிபந்தனையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஈய-தகரக் கலவை 183 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கிவிடும். அதை மட்டுமே நம்பி நிற்கும் இணைப்பு, ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடேறினால் நழுவிவிடும். செம்பைச் செம்போடு இறுக்கிச் சுற்றியிருந்தால், ஈயத்தின் வேலை காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் அடைப்பதோடு முடிந்துவிடும்; பாரமும் கரண்டும் செம்பின் மேலேயே இருக்கும். எர்த் ஒயருக்கு விதி இன்னும் கடுமையானது: அதன் இணைப்பு எங்கேயும் சால்டரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. பழுது வந்து பெரும் கரண்ட் பாயும் அந்தச் சில நொடிகளில்தான் எர்த் ஒயர் வேலை செய்ய வேண்டும். அப்போது ஈயம் உருகி ஓடினால் எல்லாம் போயிற்று.

நாப் அண்ட் ட்யூப் காலத்து எலக்ட்ரீஷியன்கள் செய்தது அச்சாக இதைத்தான். ஓடும் ஒயரின் உறையைக் கத்தியால் சீவி, செம்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, கிளை ஒயரை அதன் மேல் நெருக்கமாக ஐந்தாறு சுற்று சுற்றுவார்கள். பிறகு சால்டர். அதன் மேல் ரப்பர் நாடா, அதற்கும் மேல் ரப்பர் நாடாவைக் காக்க ஒட்டும் துணி நாடா. உத்தரத்துக்கு அடியில் குனிந்து, கையில் ஊதுவிளக்கோடு செய்த வேலை இது. இன்று அந்த நாடாவைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் உள்ளே செம்பும் ஈயமும் போட்ட அன்று இருந்தது போலவே பளபளப்பதைப் பார்த்து வியப்பதுண்டு.

110.14 (பி) அத்தோடு நிற்கவில்லை. ஜாயின்ட்டின் மேல் போடும் உறை அந்த ஒயரின் சொந்த உறைக்கு நிகரானதாக இருக்க வேண்டும், அல்லது அதற்கென்றே அங்கீகரித்த உறையாக இருக்க வேண்டும். எங்கும் இணைக்காமல் விட்ட ஒயர் நுனிக்கும் இது பொருந்தும். ஒரு சுற்று பிளாஸ்டிக் டேப் இந்த நிபந்தனைக்கு ஈடாகாது. வெப்பமான பரணில் பத்து ஆண்டு கிடந்தால் அதன் பசை வழிந்து, நாடா தானாகவே கழன்று தொங்கும்.

எல்லா வீட்டுக்காரர்களுக்கும் அரைகுறையாகத் தெரிந்த விதி ஒன்று உண்டு: ஜாயின்ட் என்றால் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். 300.15 என்ற பிரிவு அது. உலோகக் குழாய் வழியே ஒயர் போனாலும், பிளாஸ்டிக் உறை கேபிள் போட்டாலும், ஒயர் இணையும் ஒவ்வோர் இடத்திலும் பெட்டி வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவு நாப் அண்ட் ட்யூபுக்கு வரும்போது பெட்டி கேட்பது இரண்டே இடங்களில்: விளக்கு, பிளக் போன்ற அவுட்லெட்டிலும், சுவிட்சிலும். ஜாயின்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, பரணில் பெட்டியில்லாமல் காற்றில் தொங்கும் அந்தப் பழைய புடைப்பு விதிமீறல் இல்லை. போட்ட அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இந்தச் சலுகைக்குக் காரணம் உண்டு. பெட்டியின் வேலை, ஜாயின்ட் சூடேறினாலோ தீப்பொறி விட்டாலோ அதை மரத்திடமிருந்து பிரித்து வைப்பது. நாப் அண்ட் ட்யூபில் அந்த வேலையை இடைவெளியே செய்கிறது. இந்த முறைக்கென்றே உள்ள 394-ஆம் பிரிவு, ஒயருக்கும் ஒயருக்கும் 3 அங்குலமும், ஒயருக்கும் மரத்துக்கும் 1 அங்குலமும் கேட்கிறது. ஜாயின்ட்டின் இரு பக்கமும் 6 அங்குலத்துக்குள் பீங்கான் தாங்கல் வேண்டும்; மற்ற இடங்களில் நாலரை அடிக்கு ஒன்று போதும். ஜாயின்ட்டை ஒயரின் எடை இழுக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். சால்டர் செய்ய வேண்டும், அல்லது அங்கீகரித்த கனெக்டர் போட வேண்டும். நுனியோடு நுனி சேர்த்து ஒயரை நீட்டும் ஜாயின்ட்டையும், இழுவிசை தாங்க வேண்டிய ஜாயின்ட்டையும் இந்தப் பிரிவு தடுக்கிறது.

ஆகவே அந்த ஜாயின்ட்டின் பாதுகாப்பு அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. இங்கேதான் நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு காரியம் கேடு விளைவிக்கிறது. குளிரைத் தடுக்கவும் ஹீட்டர் செலவைக் குறைக்கவும் பழைய வீடுகளின் சுவரிலும் பரணிலும் பஞ்சு போன்ற வெப்பத் தடுப்புப் பொருளை நிரப்புகிறார்கள். அது ஒயரை மூடிக்கொண்டால், காற்றில் ஆறும் என்ற கணக்கில் போட்ட ஒயரும் ஜாயின்ட்டும் கம்பளிக்குள் மாட்டிக்கொள்ளும். 1987 பதிப்பு முதல் என்.இ.சி. இதைத் தடை செய்திருக்கிறது: தூவியோ சுருட்டி விரித்தோ நுரையாகப் பீய்ச்சியோ போட்ட தடுப்புப் பொருள் ஒயரை மூடும் வெற்றிடத்தில் நாப் அண்ட் ட்யூப் இருக்கக் கூடாது. கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் இதைத் தளர்த்தி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வயரிங்கைச் சோதித்துச் சான்று தருவது போன்ற நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. அனுமதி இருக்கும் இடத்திலும், ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பிரித்துப் பார்க்காமல் பஞ்சைக் கொட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி அந்தப் புது கேபிள். 394-ஆம் பிரிவின்படி இன்று நாப் அண்ட் ட்யூபைப் புதிதாகப் போட முடியாது. ஏற்கனவே இருப்பதை நீட்டுவதற்கும், அதிகாரியின் சிறப்பு அனுமதிக்கும் மட்டுமே இடம் உண்டு. நடைமுறையில் யாரும் பீங்கான் குமிழ் தேடிப் போவதில்லை. பழைய ஒயரிலிருந்து பிளாஸ்டிக் உறை கேபிள் ஒன்றை எடுத்துப் புது அறைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கணமே பழைய சலுகை முடிந்துவிடுகிறது. ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாறும் இடத்தில் பெட்டி கட்டாயம். பழைய ஒயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் துளை வழியே, விளிம்பு அறுக்காதபடி புஷிங் போட்டு, பெட்டிக்குள் நுழைய வேண்டும். பெட்டிக்குள் வந்த பிறகு ஒவ்வொரு ஒயரும் குறைந்தது 6 அங்குலம் தளர்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்து வருபவர் வெளியே இழுத்து வேலை செய்ய முடியும். மூடி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 314.29: வீட்டின் எந்தப் பகுதியையும் உடைக்காமல் அந்தப் பெட்டியை அணுக முடிய வேண்டும். சுவருக்குள் பெட்டி வைத்து மேலே பலகை அடித்துப் பெயின்ட் பூசிவிட்டால், உள்ளே இருக்கும் ஜாயின்ட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது விதிமீறல்தான். பரணுக்குள் ஏறிப் போய்த் தொட முடிந்தால் சரி. அறைக்குள்ளிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெட்டி எவ்வளவு பெரிது என்பதையும் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். 12 கேஜ் பழைய ஒயர் இரண்டு உள்ளே வருகின்றன, இரண்டு வெளியே போகின்றன (கேஜ் என்பது ஒயரின் பருமனைக் குறிக்கும் எண்; எண் கூடினால் ஒயர் மெலியும்). இடையில் 14 கேஜ் புது கேபிள் ஒன்று கிளை பிரிகிறது. விதிப்படி 12 கேஜ் ஒயர் ஒன்றுக்குப் பெட்டிக்குள் 2.25 கன அங்குல இடம் வேண்டும், நான்குக்கு 9. புது கேபிளின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் தலைக்கு 2 வீதம் 4. எர்த்துக்கு 2. உள்ளே கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப், பெட்டியில் உள்ள மிகப் பெரிய ஒயரின் கணக்கில் 2.25. மொத்தம் 17.25 கன அங்குலம். கடையில் கைக்குக் கிடைக்கும் 4 அங்குல எண்கோணப் பெட்டி, ஒன்றரை அங்குல ஆழத்தில் வருவது, 15.5 கன அங்குலம்தான் கொள்ளும். அது போதாது. அதே ஆழத்தில் 4 அங்குலச் சதுரப் பெட்டி 21 கன அங்குலம் கொள்ளும். அதைத்தான் எடுக்க வேண்டும். சின்னப் பெட்டியில் ஒயரைத் திணித்து மூடியைத் திருகினால், எண்பது ஆண்டு வெப்பத்தில் மொரமொரத்துப் போன பழைய ரப்பர் உறை மடிக்கும் இடத்தில் உதிரும். மேலும், 14 கேஜ் ஒயர் அந்தச் சர்க்யூட்டில் சேர்ந்துவிட்டதால் ஃபியூஸ் 15 ஆம்பியருக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வீடுகளில் அதே தாங்கியில் 30 ஆம்பியர் ஃபியூஸைத் திருகி வைத்திருப்பது அடிக்கடி காணக்கூடியது.

புது அவுட்லெட்டுக்கு எர்த் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. நாப் அண்ட் ட்யூபில் எர்த் ஒயரே கிடையாது. புது கேபிளின் எர்த்தைப் பழைய பெட்டியில் கட்டிவிட்டு மூன்று முனை சாக்கெட் மாட்டினால், பார்க்க எர்த் இருப்பது போல் இருக்கும், ஆனால் இருக்காது. என்.இ.சி. நீட்டிப்புக்குத் தனியாக எர்த் ஒயர் கொண்டுவந்து, பிரேக்கர் பெட்டியின் எர்த் பட்டையிலோ வீட்டின் எர்த்திங் அமைப்பிலோ சேர்க்கச் சொல்கிறது. அவ்வளவு தூரம் ஒயர் இழுத்த பிறகு, முழுச் சர்க்யூட்டையும் புதிதாகப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். உண்மைதான். பல எலக்ட்ரீஷியன்கள் பழைய ஒயரில் கிளை பிரிக்க மறுப்பதன் காரணம் இதுவே. தவிர, அண்மைப் பதிப்புகளின்படி, படுக்கையறை, கூடம் போன்ற இடங்களின் சர்க்யூட்டை 6 அடிக்கு மேல் நீட்டினால் தீப்பொறியைக் கண்டுபிடித்து நிறுத்தும் ஆர்க்-ஃபால்ட் பாதுகாப்பும் சேர்க்க வேண்டும்.

கனெக்டர் பற்றிச் சுருக்கமாக. முறுக்கிப் போடும் தொப்பிக் கனெக்டருக்கு முன்னோடி, ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வில்லியம் மார் என்பவர் 1914-இல் உருவாக்கிய அழுத்தக் கனெக்டர். உருகிய ஈயத்தோடு போராடாமல் ஜாயின்ட் போட அது வழி செய்தது. கனடாவில் இன்றும் அதை மாரெட் என்றே சொல்கிறார்கள். எந்தக் கனெக்டரானாலும், எத்தனை ஒயர், என்ன கேஜ், என்ன உலோகம் என்று அதன் பாக்கெட்டில் அச்சிட்ட சேர்க்கைக்குள் நிற்க வேண்டும். அந்தச் சேர்க்கையைத் தாண்டினால் அங்கீகாரமும் போய்விடுகிறது.

பழைய வயரிங் என்றதும் பீங்கான் குமிழோடு நிறுத்திவிடக் கூடாது. 1965 முதல் 1973 வரை, செம்பு விலை ஏறியதால், சுமார் 20 லட்சம் அமெரிக்க வீடுகளில் அலுமினிய ஒயர் போட்டார்கள். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஜாயின்ட் விஷயத்தில் நாப் அண்ட் ட்யூபைவிட மோசம். அலுமினியத்தின் மேல் நொடியில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டில் அது செம்பைவிட அதிகம் விரியும், அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், ஒவ்வொரு சூட்டுக்கும் ஆறலுக்கும் பிடி கொஞ்சம் தளரும். செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அரிப்பும் சேரும். அதனால்தான் 110.14, இரண்டு உலோகத்துக்கும் அங்கீகரித்த கனெக்டராக இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று தொடக் கூடாது என்கிறது. 1972-க்கு முன் அலுமினிய ஒயர் போட்ட வீடுகளில் இணைப்பு தீ அபாய நிலைக்குப் போகும் வாய்ப்பு செம்பு வீடுகளைவிட 55 மடங்கு என்று, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக ஃபிராங்க்ளின் ஆராய்ச்சி நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பு சொன்னது.

அந்த ஆணையம் ஏற்கும் தீர்வுகள் மூன்றே. முழு வீட்டுக்கும் செம்பு ஒயர் போடுவது. கோபாலம் என்ற முறையில், பயிற்சி பெற்றவர்கள் தனிக் கருவியால் பேரழுத்தம் கொடுத்துச் செம்புத் துண்டு ஒன்றை அலுமினிய நுனியோடு நிரந்தரமாகச் சேர்ப்பது. அல்லது அலுமிகான் என்ற, திருகால் இறுக்கும் கனெக்டர். ஊதா நிறத் தொப்பிக் கனெக்டர் அமெரிக்கக் கடைகளில் செம்பையும் அலுமினியத்தையும் இணைக்கவென்றே விற்கிறது, சோதனைக்கூட அங்கீகாரமும் பெற்றது. ஆனாலும் ஆணையம் அதை நிரந்தரத் தீர்வாக ஏற்கவில்லை. விதி அனுமதிப்பதும் ஆணையம் பரிந்துரைப்பதும் இங்கே பிரிகின்றன. என் வீடாக இருந்தால் ஆணையத்தின் பக்கம்தான் நிற்பேன்.

போட்ட காலத்தில் விதிப்படி இருந்த வயரிங்கை, புதுப் பதிப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பிரிக்கச் சொல்லி என்.இ.சி. கேட்பதில்லை. தொட்டால்தான் புது விதி. இதனால்தான் வீட்டை வாங்கும்போது வரும் இன்ஸ்பெக்டர் பழைய புடைப்பைத் தவறு என்று எழுத முடியாது. பக்கத்தில் டேப் சுற்றித் தொங்கும் கேபிளைத் தவறு என்று எழுதலாம். அவர் சுவரைத் திறந்து பார்ப்பதுமில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. நாப் அண்ட் ட்யூப் ஓடும் வீட்டுக்குப் பாலிசி தர மறுப்பதும், கூடுதல் பிரீமியம் கேட்பதும் உண்டு.

பழைய ஜாயின்ட்டைத் தானே திறந்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இந்த வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் தனித்தனி வழியில் போவதால், ஒரு விளக்கின் ஃபேஸ் ஒரு சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டிலிருந்தும் வந்திருக்கலாம். மிகப் பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் தனி ஃபியூஸ் இருக்கும். அது எரிந்தால் விளக்கு அணையும், ஆனால் ஃபேஸ் ஒயரில் 120 வோல்ட் அப்படியே நிற்கும். விளக்கு அணைந்ததையோ ஒரு ஃபியூஸைக் கழற்றியதையோ நம்பி அந்த நாடாவைப் பிரிக்கக் கூடாது. மெயினை நிறுத்தி, வேலை செய்கிறது என்று தெரிந்த மீட்டரால் அந்தப் புடைப்பில் சேரும் ஒவ்வோர் ஒயரையும், எர்த்தோடு ஒப்பிட்டுத் தனித்தனியாகச் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.